ஒளியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைக்குக் காலை நடைக்கு வரும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், சென்ற வாரம் தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். எலியின் தலையில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் வழியே நீல ஒளி பாய்ந்ததும் எலி வட்டமடித்து ஓடத் தொடங்கியது. ஒளி நின்றதும் அதுவும் நின்றது. "ஏம்ப்பா, லைட்ட அடிச்சே மூளைய ஆட்டிவைக்கிறாங்களே, நாளைக்கு நமக்கும் இப்படித்தான் செய்வாங்களா?" என்று கவலையோடு கேட்டார். காணொளியில் இருந்தது உண்மையான சோதனைதான். ஆனால் அதன் கீழே யாரோ எழுதியிருந்த விளக்கம் தவறு: ஒளிக்கே மூளையை இயக்கும் சக்தி இருப்பதாக அது சொல்லியது.

பிசியோதெரபி நிலையத்துச் சிவப்பு விளக்கு, அழகு நிலையத்து ஒளி முகமூடி, ஆய்வுக்கூடத்து நீல லேசர் எல்லாவற்றையும் 'ஒளி சிகிச்சை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும் வழக்கம் வந்துவிட்டது. உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அந்த லேசர் ஒளியால் இயக்குவது மற்ற இரண்டிலிருந்தும் முற்றிலும் வேறான செயல். அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்: அந்த ஒளியை வாங்கிக்கொள்வது எது?

பச்சிளங்குழந்தையும் நீல விளக்கும்

பிறந்த இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு, "லைட்டுல வெச்சிருக்காங்க" என்று உறவினர்கள் கவலையுடன் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். கண்களை மறைத்து, உடைகளைக் களைந்து, நீல விளக்கின் கீழே குழந்தையைப் படுக்க வைக்கிறார்கள். விளக்கின் சூடுதான் மஞ்சளைப் போக்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். சூட்டுக்கு இதில் பங்கில்லை.

சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அது நீரில் எளிதில் கரையாது. கல்லீரல் அதை மாற்றிக் கரையச் செய்த பிறகே உடலைவிட்டு வெளியேறும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேகம் இன்னும் வந்திருக்காது. பிலிருபின் மூலக்கூறு நீல ஒளியை உறிஞ்சும்போது அதன் உடல் முறுக்கிக்கொண்டு வேறு வடிவம் பெறுகிறது. புதிய வடிவம் நீரில் கரையும் என்பதால், கல்லீரல் அதை மாற்றித் தராமலே பித்தத்தின் வழியாகவும் சிறுநீரின் வழியாகவும் கழிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயில் பட்ட இடங்களில் குழந்தைகளின் மஞ்சள் நிறம் குறைவதை வார்டு என்ற செவிலியர் 1950களில் கவனித்ததிலிருந்து இந்த மருத்துவம் வளர்ந்தது. அங்கிருந்த மருத்துவர் குழு 1958-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது.

இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே நமக்குத் தேவையான அடிப்படை முழுவதும் இருக்கிறது. அதே நீல ஒளி குழந்தையின் தோலிலும் இரத்தத்திலும் உள்ள ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகள்மீது விழுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்வதில்லை. பிலிருபின் உறிஞ்சுகிறது, ஆகவே பிலிருபின் மாறுகிறது. இப்படி ஒளியை உறிஞ்சும் மூலக்கூற்றை இனி நிறமி என்று அழைப்போம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒளி ஒரு பொருளை மாற்ற வேண்டுமானால் முதலில் அங்கே ஒரு நிறமி இருக்க வேண்டும். நிறமி ஒளியை வாங்கினால் அதன் வடிவம் மாறும். வடிவம் மாறினால் அதன் நடத்தையும் மாறும்.

வடிவமே வேலை

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வருகின்றன. செல்லுக்குள்ளோ புரதங்கள் வேலைக்காரர்கள். 20 வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்டு நீண்ட சரமாகி, அந்தச் சரம் மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடையும்போது புரதம் தன் வேலைக்குத் தயாராகிறது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற செய்முறைக் குறிப்பே மரபணு. சாவியின் பற்கள் தேய்ந்தால் பூட்டு திறக்காததைப் போல, வடிவம் குலைந்தால் புரதத்தின் வேலையும் நின்றுவிடும்.

நம் உடலின் பெரும்பாலான புரதங்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் நிறமி கிடையாது. அதனால் எவ்வளவு விளக்கடித்தாலும் அவை அசையமாட்டா. சில புரதங்கள் மட்டும் நிறமியைத் தம் மடிப்புக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன. நிறமி முறுக்கிக்கொண்டால் அதைச் சூழ்ந்த புரதமும் அசையும். இவையே ஒளியேற்பிப் புரதங்கள். இந்த வரியை நீங்கள் படிப்பதே அவற்றால்தான்: விழித்திரையில் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினால் என்ற நிறமி ஒளிபட்டு வளைவிலிருந்து நிமிர்கிறது; அதைத் தாங்கிய புரதம் அந்த அசைவை நரம்புக்கான செய்தியாக்குகிறது.

முளைப்பாரியின் மஞ்சள்

ஒளியேற்பிகளைக் கற்றுக்கொள்ளச் செடிகளைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. அவற்றைச் சற்று நின்று பார்க்கலாம்.

அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் வெயில் படாத அறையில் விதைகளை முளைக்க வைப்பார்கள். முளைகள் நெடுநெடுவென்று உயர்ந்து வெளிர்மஞ்சளாக நிற்கும். அதே விதைகளை வெயிலில் போட்டால் குட்டையாக, தண்டு பருத்து, பச்சையாக வளரும். சத்துக் குறைவால் மஞ்சளானதாகத் தோன்றலாம். உண்மையில் விதை ஒரு முடிவை எடுத்திருக்கிறது. இருட்டில் இருக்கும்வரை, மண்ணுக்கு அடியிலிருந்து மேலே வரவேண்டும் என்று கருதி, இருக்கும் சேமிப்பையெல்லாம் உயரத்துக்கே செலவிடுகிறது.

'மேலே வந்துவிட்டோம்' என்று அதற்குச் சொல்வதில் முதன்மையானது ஃபைட்டோகுரோம் என்ற ஒளியேற்பி. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் அது விழித்த நிலைக்கு மாறும். சுமார் 730 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் உறக்க நிலைக்குத் திரும்பும். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விழித்த ஃபைட்டோகுரோம் பிஃப் என்ற இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உயரமாக வளரும்படி இருட்டில் ஏவிக்கொண்டிருந்தது இந்த பிஃப்தான்; பிடிபட்டதும் அது சிதைக்கப்படுகிறது; செடி பச்சை பிடிக்கத் தொடங்குகிறது. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பையும் தொலைசிவப்பையும் மாறி மாறிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்ட ஒளி சிவப்பாக இருந்தால் விதை முளைத்தது. தொலைசிவப்பாக இருந்தால் பெரும்பாலும் முளைக்கவில்லை.

ஃபைட்டோகுரோமின் நிறமி, குழந்தையின் பிலிருபினுக்கு நெருங்கிய உறவு. விளக்கின் கீழே முறுக்கிக்கொள்ளும் மஞ்சள் பொருளும், முளைக்கு விடியலைச் சொல்லும் பொருளும் ஒரே வேதியியல் குடும்பத்துப் பிள்ளைகள் என்று முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை குறையவில்லை.

அடுக்குமாடி பால்கனியில் வைத்த துளசி வெளிச்சத்தின் பக்கமே சாய்வதற்குக் காரணம் வேறொரு ஒளியேற்பி. அதன் பெயர் ஃபோட்டோட்ராபின். அது வாங்குவது நீல ஒளியை. அதற்குள் லவ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பகுதி உண்டு. அதன் நிறமி வைட்டமின் பி2-விலிருந்து வருகிறது. நீல ஒளி பட்டதும் இந்த நிறமி தன்னைச் சூழ்ந்த புரதத்தோடு ஒரு வேதிப்பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது; அந்த இழுப்பில், புரதத்தோடு ஒட்டிச் சுருண்டிருந்த வால் போன்ற ஒரு துண்டு பிரிந்து தளர்கிறது. ஒளி போனால், சில நொடிகளிலோ நிமிடங்களிலோ பிணைப்பு தானாக அறுந்து, வால் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது.

ஆக, ஃபைட்டோகுரோம் சுவரிலுள்ள மின்சார சுவிட்ச்: ஒரு பக்கம் தட்டினால் அங்கேயே நிற்கும், மறுபக்கம் வர இன்னொரு தட்டு வேண்டும். லவ் பகுதி வாசலிலுள்ள அழைப்புமணிப் பொத்தான்: கையை எடுத்தால் தானாக மேலே வந்துவிடும்.

பார்ப்பது வேறு, இயக்குவது வேறு

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஒளியைக் கொண்டு புரதத்தைப் பார்ப்பதும், புரதத்தை இயக்குவதும் தனித்தனி வேலைகள்.

பார்ப்பதற்கான புகழ்பெற்ற கருவி, ஜெல்லிமீனிடமிருந்து வந்த பச்சை ஒளிர் புரதம். நீல ஒளியை வாங்கி உடனே பச்சை ஒளியாகத் திருப்பித் தருவது அதன் இயல்பு. இந்த இயல்பே உடனொளிர்வு. ஒசாமு ஷிமோமுரா அதை 1962-இல் பிரித்தெடுத்ததைப் பதிவு செய்தார். மார்ட்டின் சால்ஃபி 1994-இல் அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள்ளும் ஒரு சிறு புழுவுக்குள்ளும் வைத்து ஒளிரச் செய்தார். ரோஜர் சியென் அதைப் பல நிறங்களுக்கு விரித்தார். மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதம் தன் சரத்திலுள்ள மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டே தன் நிறமியைச் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து எதையும் ஊட்ட வேண்டியதில்லை. ஆகவே நாம் ஆராய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு இதன் மரபணுவையும் தைத்துவிட்டால், அந்தப் புரதம் செல்லுக்குள் போகுமிடமெல்லாம் ஒரு பச்சை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகும்.

அது எவ்வளவு வேகமாக நடமாடுகிறது என்பதையும் அளக்கலாம். குளத்துப் பாசியைக் கையால் விலக்கினால், சுற்றியுள்ள பாசி நகர்ந்துவந்து அந்த இடத்தை மூடிக்கொள்ளும் அல்லவா? அதே போல, வலுவான லேசரால் செல்லின் ஒரு மூலையிலுள்ள ஒளிர் புரதங்களை நிறம் வெளுக்கச் செய்துவிட்டு, பக்கத்திலிருந்து புதியவை வந்து அந்த இருட்டை நிரப்ப எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இருந்தாலும், பார்ப்பதால் மட்டும் காரணம் தெரிந்துவிடாது. புதிதாக வாடகைக்குப் போன வீட்டில் ஒரே பலகையில் எட்டு சுவிட்சுகள் இருக்கின்றன. எது எந்த விளக்குக்கு என்று உற்றுப் பார்த்தால் தெரியுமா? ஒவ்வொன்றாகத் தட்டித்தான் அறிய வேண்டும். செல் நகரும்போது ஒரு புரதம் அதன் முன்விளிம்பில் கூடுகிறது என்று காண்பது பலகையைப் பார்ப்பது போன்றது. அந்தப் புரதத்தை வேண்டுமென்றே அங்கே கூட்டி, செல் நகர்கிறதா என்று பார்ப்பது சுவிட்சைத் தட்டுவது.

மருந்து கொடுத்துத் தட்டக்கூடாதா என்று கேட்கலாம். தட்டலாம், காலங்காலமாகச் செய்கிறார்கள். ஆனால் மருந்து, நம் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் திறந்துவிடும் வால்வைப் போன்றது: திருகினால் தெரு முழுவதும் எல்லா வீட்டுக்கும் நீர் பாயும், மூடினாலும் குழாயில் தேங்கியது வடியும்வரை ஓடும். ஒளியோ ஒரு வீட்டின் ஒரு சமையலறைக் குழாயைத் திறந்து உடனே மூடுவதற்கு ஒப்பானது. ஒரு செல்லின் ஓர் ஓரத்தில், வேண்டிய நொடியில் மட்டும் அதை விழச் செய்யலாம்.

குளத்திலிருந்து மூளைக்கு

நரம்புச் செல்களில் ஒரே ஒரு வகையை மட்டும், மற்றவற்றைத் தொடாமல் இயக்கவும் நிறுத்தவும் ஒரு வழி வேண்டும் என்று, டி.என்.ஏ-வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1979-இல் எழுதினார். 2002-இல் கெரோ மீசன்பாக்கின் குழு, பழ ஈயின் கண்ணிலுள்ள புரதங்களை நரம்புச் செல்களுக்குள் வைத்து அவற்றை ஒளிக்கு இணங்கச் செய்து காட்டியது. ஒரே புரதத்தில் முடியும் எளிய வழி, குளங்களிலும் ஈர மண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியிலிருந்து வந்தது.

அந்தப் பாசிக்கு ஒரு கண்புள்ளி உண்டு. அங்கேயுள்ள சேனல்ரோடாப்சின் என்ற புரதம் செல்லைச் சூழ்ந்த சவ்வில் பதிந்த ஒரு வாயில். நம் கண்ணில் இருப்பது போலவே ரெட்டினால்தான் அதற்கும் நிறமி. நீல ஒளி பட்டால் ரெட்டினால் வளையும். வாயில் சில மில்லிநொடிகளுக்குள் திறக்கும். மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயனிகள், அவற்றிலும் நேர்மின் அயனிகள், உள்ளே பாயும். பீட்டர் ஹெகமானும் கியோர்க் நாகெலும் தங்கள் குழுக்களோடு 2002-இலும் 2003-இலும் இதைத் தெளிவாக்கினார்கள். நரம்புச் செல் விழித்துச் செய்தி அனுப்பவும் நேர்மின் அயனிகள் உள்ளே பாய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த படி தானாகவே புலப்படும். எட் பாய்டன், கார்ல் டைசெராத், ஃபெங் சாங் ஆகியோர் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோருடன் சேர்ந்து, நீல ஒளியின் ஒவ்வொரு துடிப்புக்கும் நரம்புச் செல்லைத் துடிக்கவைத்ததை 2005-இல் வெளியிட்டார்கள். மரபணுவை உள்ளே வைத்து ஒளியால் இயக்கும் இந்த முறைக்கு ஆப்டோஜெனிட்டிக்ஸ், தமிழில் ஒளிமரபியல், என்று பெயர் வந்தது.

பெரியவர் காட்டிய எலியின் கதை இதுதான். நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஒரு வைரஸைத் தபால்காரராக வைத்து, பாசியின் மரபணுவை எலியின் மூளையில் உடல் அசைவுக்குப் பொறுப்பான பகுதியில், ஒரு பக்கத்தில் மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செல்கள் வாயில் புரதத்தைத் தாமே செய்துகொண்டன. பின்னர் கண்ணாடி இழையால் அங்கே ஒளியைக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் மட்டும் தூண்டப்பட்டதால் எலி வட்டமடித்தது. மரபணு சேர்க்காத எலிக்கு அதே ஒளியைப் பாய்ச்சினால் அது தன் போக்கில் இருக்கும். விளக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஒளியை வாங்கும் புரதம் ஒன்றிடம் இருக்கிறது, மற்றதிடம் இல்லை.

வாலைப் பூட்டாக்குதல்

நரம்பைத் தூண்டுவதோடு ஒளிமரபியலை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. செல்லுக்குள் மிதக்கும் சாதாரணப் புரதங்களை இயக்கும் முறை எனக்கு அதைவிட அழகாகப் படுகிறது. பொதுப் பேச்சில் அதைக் கேட்பது அரிது.

ராக் என்ற புரதம் செல்லின் விளிம்பை முன்னே நீட்டச் செய்யும். அதற்கு ஒளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிளாஸ் ஹானின் குழு ஓட்ஸ் செடியின் லவ் பகுதியை எடுத்து ராக்கின் முன்புறத்தில் தைத்தது. இருட்டில் லவ் பகுதி ராக்கின் வேலை செய்யும் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. நீல ஒளி பட்டதும் வால் தளர்ந்தது, மறைப்பு விலகியது, ராக் வேலையைத் தொடங்கியது. 2009-இல் வெளிவந்த இந்த ஆய்வில், உயிருள்ள செல்லின் ஒரு விளிம்பில் ஒளிப்புள்ளியை வைத்தபோது செல் அந்தப் பக்கமாகவே விளிம்பை நீட்டி நகர்ந்தது. பால்கனித் துளசியைச் சாய்க்கும் அதே பொறியமைப்புதான். இங்கே விலங்குச் செல்லை நடத்துகிறது.

அதே ஆண்டில் வேறொரு குழு முளைப்பாரியில் கண்ட ஃபைட்டோகுரோம்-பிஃப் இணையைக் கடன் வாங்கியது. ஃபைட்டோகுரோமைச் செல்லின் வெளிச்சவ்வில் கட்டிப்போட்டார்கள். பிஃப்பை, தாங்கள் இயக்க விரும்பிய புரதத்தோடு தைத்தார்கள். சிவப்பு ஒளி பட்ட இடத்தில் பிஃப் பிடிபட்டதால், அதோடு தைத்த புரதமும் சவ்வுக்கு இழுத்து வரப்பட்டது. தொலைசிவப்பு ஒளி அதை விடுவித்தது. கிரிப்டோகுரோம் என்ற நீல ஒளியேற்பியைக் கொண்டும் இதே வகையில் இரு புரதங்களைச் சேர்க்கலாம்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் நடப்பது இரண்டே வகை வேலை: மறைத்திருந்ததை ஒளியால் திறப்பது, அல்லது தள்ளியிருந்ததை ஒளியால் கிட்டே கொண்டுவருவது.

உள்ளங்கையில் ஒரு டார்ச்

கைபேசியின் டார்ச்சை விரல்களுக்கு அடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளை ஒளி உள்ளே போகிறது. சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. இரத்தமும் தசையும் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகின்றன. நீல ஒளிக்கு இணங்கும் கருவிகளை உடலின் ஆழத்தில் பயன்படுத்தக் கண்ணாடி இழை தேவைப்படுவதன் காரணம் இதுதான். அல்சூர் பெரியவரின் அச்சத்துக்கும் இதிலேயே பாதி விடை உண்டு: நம் செல்களில் பாசியின் மரபணு இல்லை, இருந்தாலும் தெருவிளக்கின் நீலம் மண்டையோட்டைத் தாண்டாது.

ஆழத்துக்குச் செல்லும் அண்மை அகச்சிவப்பு ஒளியை வாங்க, சில பாக்டீரியாக்களின் ஃபைட்டோகுரோமைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கான நிறமி பிலிவெர்டின். நம் உடலில் பிலிருபினாக மாறுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் பொருள். அது ஏற்கெனவே நம் செல்களில் இருக்கிறது. செடியின் ஃபைட்டோகுரோமுக்கோ நிறமியை வெளியிலிருந்து ஊட்டியாக வேண்டும்.

இங்கே பெல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் நரம்பியல் ஆய்வுகளுக்கு ஒளிமரபியல் பயன்படுகிறது. இத்தகைய ஆய்வுகளின் அன்றாடக் கவனம் பெரும்பாலும் இருட்டைக் காப்பதிலேயே செல்கிறது. செல் தட்டுகளை அலுமினியத் தாளால் சுற்றி வைக்க வேண்டும்; நீலத்துக்கு இணங்கும் புரதமென்றால் சிவப்பு விளக்கின் கீழே வேலை செய்ய வேண்டும்; கதவிடுக்கில் வரும் வெளிச்சமே சோதனையைத் தொடங்கிவிடக்கூடும். வலுவான ஒளி செல்லைச் சுடும், நஞ்சான பொருள்களையும் உண்டாக்கும். ஆகவே ஒளியேற்பி இல்லாத செல்களுக்கும் அதே ஒளியைக் காட்டி ஒப்பிடாத எந்த முடிவையும் நம்பக்கூடாது.

கண்ணிலிருந்து தொடங்கிய மருத்துவம்

மனிதருக்கு இது பயன்பட்டதா என்ற கேள்விக்கு 2021-இல் ஒரு விடை வந்தது. விழித்திரையின் ஒளியேற்பிச் செல்கள் அழிந்துபோகும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயால் பார்வையிழந்திருந்த 58 வயது மனிதர் ஒருவரின் ஒரு கண்ணில், ஜோசே-அலன் சாஹெல், போடொண்ட் ரோஷ்கா ஆகியோரின் குழு, செம்மஞ்சள் ஒளிக்கு இணங்கும் சேனல்ரோடாப்சின் வகை ஒன்றின் மரபணுவை வைரஸ் வழியாகச் சேர்த்தது. அழியாமல் எஞ்சியிருந்த நரம்புச் செல்கள் அந்தப் புரதத்தைச் செய்தன. சாதாரண வெளிச்சம் அதற்குப் போதாது என்பதால், எதிரே உள்ள காட்சியைப் படம்பிடித்துச் செம்மஞ்சள் ஒளித் துடிப்புகளாக விழித்திரையில் பாய்ச்சும் கண்ணாடி ஒன்றையும் அவர் அணிந்துகொண்டார். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, மேசைமீது வைத்த பொருளை அவரால் கண்டறிந்து தொட முடிந்தது. சாலையைக் கடக்கும் இடத்து வெள்ளைக் கோடுகள் தெரிவதாகவும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் பார்வை இல்லை.